காப்பி குடிச்சாச்சா? அப்போ மாத்திரை எப்போ?

நாகர்கோவிலில் காலை எட்டு மணிக்கு யாராவது உங்களிடம் "காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டால், அவர் டம்ளரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. இட்லியோ, ஆப்பமோ, புட்டும் பயறுமோ, எதுவானாலும் காலைச் சாப்பாட்டுக்கே எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெயர் "காப்பி"தான். "மணி பத்தாச்சு, இன்னும் காப்பி குடிக்கல" என்றால் இன்னும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நண்பர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாப்பாட்டுக்கே பானத்தின் பெயரை வைத்துவிட்ட ஊரில், தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்கச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கப் போகிறது. காப்பியையோ சாயாவையோ விடச் சொல்லவில்லை, பயப்படாதீங்க. எப்போது குடிக்கிறோம் என்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

என் அக்காவுக்கு நடந்ததில் இருந்து ஆரம்பிக்கிறேன் (எழுத அனுமதி வாங்கிவிட்டேன்). அவள் கர்ப்பமாக இருந்தபோது ஐந்தாம் மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே போனாலே அது ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டாள். ஏழாம் மாதத்தில் மறுபடி பார்த்தால் 9.2. ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. "மாத்திரை சரியில்ல, வெளியில வாங்குவோம்" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. அந்த வாரம் வந்த கிராம சுகாதார செவிலியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாத்திரைய எப்ப மக்ளே போடுத?"

"காலைல சாயா குடிக்கும்போ சேத்து விழுங்கிருவேன் சிஸ்டர். இல்லன்னா மறந்துபோவும்."

"அதான் பாத்தேன். உன் மாத்திரைய சாயா தின்னுட்டு மக்ளே."

வேடிக்கையாகச் சொன்னாலும் அவர் சொன்னது அறிவியல்.

சாயாவுக்கும் இரும்புக்கும் என்ன பகை?

தேயிலையில் இருக்கும் துவர்ப்பு டானின் போன்ற பொருட்களால் வருவது. காப்பியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் உண்டு. வயிற்றுக்குள் இவை இரும்பைக் கண்டால் இறுக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய இரும்பைக் குடல் உறிஞ்ச முடியாது, கழிவோடு வெளியே போய்விடும். முன்பெல்லாம் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சுவார்கள். கடுக்காயில் இருப்பது டானின். அன்னபேதி என்பது இரும்பு உப்பு, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட். அரசு கொடுக்கும் மாத்திரையில் இருக்கும் இரும்பும் அதே ஃபெரஸ் சல்ஃபேட்தான். ஆக, மாத்திரையைச் சாயாவோடு விழுங்குகிறவர் வயிற்றுக்குள் கொஞ்சம் மை காய்ச்சுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு துருப்பிடித்த ஆணியைக் கட்டஞ்சாயாவில் ஒரு இரவு போட்டு வைத்துப் பாருங்கள், கறுத்திருக்கும். பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள்!

இது எவ்வளவு இரும்பைத் தடுக்கும்? 1983-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 64 சதவீதம் குறைந்தது. காப்பி குடித்தவர்களுக்கு 39 சதவீதம். அதே ஆய்வில் நமக்கு உதவும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே காப்பி குடித்தால் பாதிப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது, சேர்த்துக் குடித்த அளவுக்கே பாதிப்பு இருந்தது. உணவு அப்போதும் குடலில் இருக்கிறது இல்லையா, அதனால்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம் என்கிறது. ரத்தசோகை இருப்பவர்கள் பின்னால் விடும் இடைவெளியை இன்னும் கூட்டிக்கொள்வது நல்லது.

இதில் காஃபீனுக்குப் பங்கில்லை என்பதையும் கவனியுங்கள். காஃபீன் நீக்கிய டீ, காப்பியிலும் இந்தத் துவர்ப்புப் பொருட்கள் இருக்கும். பால் ஊற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. சரியாகாது. பாலில் இருக்கும் கால்சியமும் தன் பங்குக்கு இரும்பைத் தடுக்கும்.

நம் காலைத் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புட்டு, பயறு, பப்படம், பக்கத்தில் ஆவி பறக்க ஒரு சாயா. பயறு நல்ல இரும்புச்சத்து உள்ள உணவு. ஆனால் பயறு, கீரை, கேழ்வரகு போன்ற தாவர உணவில் உள்ள இரும்பைத்தான் டீ அதிகம் தடுக்கும். மீன், இறைச்சியில் உள்ள இரும்பை அவ்வளவு தடுக்காது. குளச்சல் பக்கத்தில் மத்தியானம் மீன்குழம்பு சாப்பிடுகிறவரைவிட, காலையில் பயறோடு சாயா குடிக்கும் சைவக்காரருக்குத்தான் நேரம் முக்கியம்.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. எல்லாவற்றுக்கும் டீ காரணமில்லை. குடல் புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு, போதாத சாப்பாடு என்று காரணங்கள் பல. ஆனால் இலவசமாகக் கிடைத்த மாத்திரையைத் தவறாமல் போட்டும் பலன் போய்ச் சேராமல் இருப்பது, தவிர்க்கக்கூடிய இழப்பு.

கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்தில் இருந்து 180 நாட்கள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்கள் என்று இந்தச் சிவப்பு மாத்திரை வழங்கப்படுகிறது. பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒருமுறை நீல மாத்திரை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக் வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். தண்ணீரோடு, அல்லது எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். குமட்டல் வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். அந்த நேரத்தில் சாயா குடிப்பவர்கள் குறைவு என்பதும் ஒரு வசதி.

ஒரு டம்ளரில் எவ்வளவு?

இனி காஃபீனுக்கு வருவோம். நாள் முழுக்க வேலை செய்யும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். "களைச்சாச்சு, படு" என்று சொல்வது அதுதான். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். களைப்பு அங்கேயேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். காஃபீன் இறங்கியதும் மொத்தமாகத் தெரியும்.

மேலே சொன்ன உணவு வழிகாட்டியின் கணக்குப்படி, 150 மில்லி கப்பில் டிகாக்‌ஷன் காப்பி என்றால் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன், இன்ஸ்டன்ட் காப்பி என்றால் 50 முதல் 65, டீ என்றால் 30 முதல் 65. ஒருநாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நான்கு கப் டீ குடிப்பவர் எல்லைக்குள் இருக்கிறார். மூன்று கப் கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷன் காப்பி குடிப்பவர் எல்லையைத் தொட்டுவிடலாம். கடை கிளாஸ் 150 மில்லியைவிடச் சின்னது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காப்பித் தூளில் சிக்கரி கலந்திருந்தால் காஃபீன் அந்த அளவுக்குக் குறையும், ஏனென்றால் சிக்கரியில் காஃபீன் கிடையாது. பாக்கெட்டில் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உதிரியாக வாங்கும் தூளில் சந்தேகம் இருந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரின் மேல் கொஞ்சம் தூவுங்கள். காப்பித் தூள் மிதக்கும், சிக்கரி நிறக்கோடு விட்டுக்கொண்டு கீழே இறங்கும்.

சுக்கு காப்பிக்கு "காப்பி" என்று பெயர்தான். சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் போட்டுக் காய்ச்சினால் அதில் காஃபீன் இல்லை. சில வீடுகளில் நிறத்துக்காக ஒரு சிட்டிகை காப்பித் தூள் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிகளும் குடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அது தவறு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

கர்ப்பிணிகள் காஃபீனிலும் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாதாரணமாக உடலில் உள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது 15 மணி நேரம் வரைகூட நீளலாம். தாய் குடிப்பது பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் ஈரலால் அதை வெளியேற்ற முடியாது. ஒருநாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் குடிக்கும் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 200-க்குள் நிறுத்தச் சொல்கிறது. நம் வழக்கத்தில் சொன்னால், நாளுக்கு இரண்டு சின்ன கிளாஸ்.

தூக்கக் கணக்கு

இந்த ஐந்து மணி நேரக் கணக்கை உங்கள் தூக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காப்பியில் 100 மில்லிகிராம் போனால், இரவு பத்து மணிக்கு 50 மிச்சம் இருக்கும். படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறதே என்பார்கள் சிலர். தூக்கம் வரும், ஆனால் ஆழம் குறையும்.

எல்லோரும் பத்து மணிக்கா படுக்கிறார்கள்? குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். தோவாளை பூச்சந்தையில் ஊர் எழும்பும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். இவர்களுக்கு இரவு எட்டு மணியே நடுராத்திரி மாதிரி. அப்படியென்றால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் குடிக்கும் சாயாவே அவர்களுக்கு ராத்திரிச் சாயா. தூங்கும் நேரத்தில் இருந்து ஆறு மணி நேரம் பின்னால் எண்ணி, அதற்குள் கடைசி டம்ளரை முடித்துக்கொள்வது நல்ல கணக்கு. அதன் பிறகு ஆசை வந்தால் சுக்கு காப்பி இருக்கவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பிபி பார்க்கும்போது

2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அவர்கள் வரும் காலை நேரம் பெரும்பாலும் நாம் டம்ளரைக் கீழே வைத்த நேரமாக இருக்கும். காஃபீன் ரத்த அழுத்தத்தைக் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிக் காட்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பி, டீ, புகை எதுவும் வேண்டாம். இப்போதுதான் குடித்தேன் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். "ஒரு சாயா குடிச்சிட்டுப் பாரும்மா" என்று வந்தவருக்குக் கொடுப்பதில் தப்பில்லை, நீங்கள் அளந்த பிறகு குடியுங்கள்.

வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்கு முன் சர்க்கரை இல்லாத காப்பி பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் கூடாது, தண்ணீர் மட்டும்தான்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். அதை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் வரை காப்பி குடிக்கக் கூடாது. சேர்த்துக் குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. பரிசோதனையில் அளவு சரியாகாமல், டாக்டர் மாத்திரையின் பவரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரும்.

பிள்ளைகள் கையில் இருக்கும் பாட்டில்

பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளில் இப்போது எனர்ஜி டிரிங்க் சின்ன பாட்டில்களில் கிடைக்கிறது. ஜூஸ் மாதிரி நிறம், ஜூஸ் மாதிரி இனிப்பு. இவற்றில் ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75. பெரியவருக்கு இது ஒரு காப்பி அளவுதான். பிள்ளைகளுக்கோ, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய ஆணையம் சொல்லும் எல்லை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு பாட்டிலிலேயே நாள் கணக்கு முடிந்துவிடும், இரண்டாவது பாட்டில் வாங்கினால் படபடப்பு, தூக்கமின்மை. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாருக்கு ஏற்றதல்ல என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்பதும் விதி. எழுத்து சின்னதாக இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

லேபிள் இல்லை, காலாவதி தேதி அழிந்திருக்கிறது, தேயிலையில் சாயம் கலந்த சந்தேகம் என்றால் அதே படத்தை மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிப் புகார் செய்யலாம். சாயத் தேயிலையை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஈரமான வடிதாளில் கொஞ்சம் தேயிலையைப் பரப்பி வையுங்கள். சாயம் கலந்திருந்தால் தாளில் நிறம் இழுக்கும்.

நல்லதே இல்லையா?

இருக்கிறது. அளவாகக் காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் நோய்களும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் குறைவாக வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1991-இல் காப்பியைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது, 2016-இல் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. அப்போதே இன்னொன்றையும் சொன்னது: 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பிருக்கிறது. அடுப்பில் இருந்து இறக்கியதும் "சுடச்சுட" குடிப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் நன்றாக ஆற்றிக் குடியுங்கள்.

அந்த ஆய்வுகளில் உள்ள காப்பி பெரும்பாலும் நம் காப்பி மாதிரி இனிப்பானது அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாலு டம்ளர் என்றால் கிட்டத்தட்ட 40 கிராம் சர்க்கரை. நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னொன்று, தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டாமல் தெளியவிட்டுக் குடிக்கும் காப்பியில், கொழுப்பை ஏற்றும் எண்ணெய்ப் பொருட்கள் அதிகம். கொலஸ்ட்ரால் பிரச்சினை உள்ளவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

குறைக்க நினைப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். விரத நாட்களில் மத்தியானம் தலை பிளப்பது பசியால் மட்டும் வருவதில்லை. காஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, எரிச்சல் தொடங்கி சில நாட்கள் நீடிக்கலாம். வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். நோன்போ விரதமோ வருகிறது என்றால் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

எந்த மாத்திரையை எதோடு போடலாம் என்று சந்தேகம் வந்தால் 104-க்கு எந்த நேரமும் கூப்பிட்டுக் கேட்கலாம், கட்டணம் இல்லை. கூப்பிடும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் கேட்பார்கள்.

அக்கா அன்றே மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினாள். மறக்காமல் இருக்க போனில் ஒன்பது மணிக்கு அலாரம். காலைச் சாயாவைப் பத்தரை மணிக்குத் தள்ளினாள். முதல் நான்கு நாள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். ஏழு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.7. அடுத்த முறை செவிலியர் வந்தபோது மணி பதினொன்று. அக்கா இரண்டு கிளாஸ் சாயா போட்டுக்கொண்டு வந்தாள்.